டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாத நஞ்சு

பெங்களூருவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பம், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?" அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் போன்ற பழைய பகுதிகளில் "ரெண்டும் இருக்கு" என்பார்கள். நகரத்தின் வெளிவட்டத்தில் பல இடங்களில் "போர் இருக்கு, கோடையில டேங்கர் வரும்" என்று பதில் வரும். கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் மூன்று கவலைகள்தான். ருசி எப்படி இருக்கும், சோப்பு நுரைக்குமா, பக்கெட்டில் வெள்ளைக்கறை படியுமா?

உடம்புக்கு உண்மையிலேயே கேடு செய்யும் பொருள்கள் இந்த மூன்றிலும் அகப்படுவதில்லை. நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது. ஃபுளோரைடுக்கு வாசனை கிடையாது. ஈயமும் யுரேனியமும் கலந்த தண்ணீர் இளநீரைப் போலத் தெளிவாகவே இருக்கும். இவை எங்கிருந்து வருகின்றன, உடம்பில் என்ன செய்கின்றன, எதைக் கொண்டு எதை நீக்கலாம் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

காவேரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்யப்பட்டு நகரத்துக்கு வருகிறது. வழியில் சுத்திகரித்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். ஆற்று நீர் என்பதால் கரைந்த உப்புகள் குறைவு. போர் தண்ணீரின் கதை வேறு. லால்பாக்கில் ஏறி நிற்கிறோமே ஒரு பாறை, அந்த வகைக் கடினப் பாறைதான் நகரத்துக்கு அடியில் முழுக்க விரிந்திருக்கிறது. மழைநீர் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, பல ஆண்டுகள் அங்கேயே தங்கி, கல்லில் இருக்கும் கனிமங்களைக் கரைத்துக்கொள்கிறது. ஆழம் கூடக்கூடப் பொதுவாகத் தங்கும் காலமும் கூடும், கரைந்தவையும் கூடும். நகரத்தில் பல இடங்களில் 1,000 அடி தாண்டித் துளையிடுகிறார்கள். 2024 கோடையில் குடிநீர் வாரியத்தின் போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வற்றியபோது இன்னும் ஆழமாகப் போனவர்கள் நிறையப் பேர். மேலிருந்து இறங்கும் சாக்கடைக் கசிவும் தொழிற்சாலைக் கழிவும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

கொதிக்க வைத்தால் போதுமா?

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது. கிருமிகளுக்கு அது மிகச் சரியான மருந்து. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் கிருமியால் வருபவை. கொதியில் கிருமி செத்துப்போகும். ரசாயனத்துக்கு உயிர் இல்லை, அதனால் சாவதற்கும் வழியில்லை. கொதிக்கும்போது ஆவியாகப் போவது தண்ணீர்தான். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் ஈயமும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், அது லிட்டருக்கு 80 மில்லிகிராமாக ஏறிவிடும். குழந்தைக்கு என்று அக்கறையோடு அதிக நேரம் கொதிக்க வைப்பவர்கள்தான் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செம்புக் குடத்தில் ஊற்றி வைப்பதும் சில கிருமிகளைக் குறைக்கும். தேத்தாங்கொட்டை உரசிப் போட்டால் கலங்கல் அடியில் படியும்; நம் முன்னோர் கண்ட அருமையான முறை அது. ஆனால் கரைந்து போன உப்பு படியாது. கலங்கல் வேறு, கரைசல் வேறு.

மீட்டர் எதைக் காட்டுகிறது?

வாட்டர் ஃபில்டர் விற்க வருபவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தம்ளரில் விட்டு, "பாருங்கம்மா, 640" என்று காட்டுவார். அந்த எண் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் என்பது. தண்ணீர் எந்த அளவுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து அதிலிருந்து மீட்டர் போடும் கணக்கு அது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை.

அந்த 640இல் பெரும்பகுதி கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு. இவை விஷம் இல்லை. இப்போது ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைவிட நூறு மடங்கு ஈயம் கலந்தாலும் கூடுவது ஒரு மில்லிகிராம்தான். மீட்டர் 640க்குப் பதில் 641 காட்டும். கூட்டத்தில் எத்தனை பேர் என்று சொல்லும் கருவி அது. கூட்டத்துக்குள் திருடன் இருக்கிறானா என்று அதற்குத் தெரியாது. 150 காட்டும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம். 700 காட்டும் தண்ணீர் ருசி மட்டுமே கெட்டதாக இருக்கலாம்.

இதோடு இன்னொரு வித்தையும் காட்டுவார்கள். இரண்டு தம்ளர், ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது சவ்வு வழியே தள்ளி உப்பு நீக்கிய தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். உங்கள் தம்ளரில் சில நிமிடங்களில் பழுப்பும் கரும்பச்சையுமாகக் கசடு மிதக்கும், பார்த்தாலே குமட்டும். அந்தப் பழுப்பு வருவது கம்பியிலிருந்து. கரைந்த உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. அந்தத் தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். பயத்தைக் காட்டிப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளைத் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. அதிலும் பாதிக்கப்படுவது, மாதாமாதம் எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்கள்.

முதல் கவலை நைட்ரேட்

பெங்களூரு போர் தண்ணீரில் அதிகம் கவனிக்க வேண்டியது எது என்று கேட்டால் நான் நைட்ரேட் என்பேன். வயலில் போடும் யூரியா ஒரு மூலம். நகரத்துக்குள் முக்கியமான மூலம் மனிதக் கழிவு: உடைந்த பாதாளச் சாக்கடைக் குழாய், கழிவறைக் குழி, சாக்கடையாகிவிட்ட ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கழிவிலிருக்கும் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு கீழே போய்க்கொண்டே இருக்கும். எனவே ஓரிடத்தில் நைட்ரேட் அதிகம் என்றால், சாக்கடை அந்தக் கிணற்றை எட்டியிருக்கிறதோ என்றும் சந்தேகிக்க வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் சலுகை கிடையாது. இந்த வரம்பு முக்கியமாகக் கைக்குழந்தைகளை மனதில் வைத்து வந்தது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்த புட்டிப்பால் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்துப் போவதைக் கண்டு எழுதினார். வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும். அது ரத்தத்தில் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை வேறு நிலைக்கு மாற்றிவிடும். அந்த ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. பெரியவர்கள் உடம்பில் இதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது குறைவு.

எடைக்கு எடை பார்த்தால் இன்னும் புரியும். 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு சுமார் 33 மில்லி. 5 கிலோ குழந்தை புட்டிப்பாலாக முக்கால் லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 150 மில்லி. அதே தண்ணீர், நாலரை மடங்கு சுமை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பவுடர் பால் கலக்கும் வீடுகள்தான் எந்தத் தண்ணீரில் கலக்கிறோம் என்று பார்த்தே ஆக வேண்டும். குழந்தையின் உதடும் நகமும் நீலமாகத் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போர் தண்ணீரில் பால் கலந்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஃபுளோரைடைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பழுப்புக்கோடு விழுந்த பற்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதே பாறைத் தொடர் இந்தப் பக்கம் கோலார், சிக்கபள்ளாபூர் வரை நீள்கிறது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்றே இல்லாதபோது 1.5. பல் உருவாகும் வயதில் அதிகமானால் பல்லில் திட்டும் பழுப்பும் வரும், அது பிறகு மாறாது. இன்னும் அதிக அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் சேர்ந்து முதுகு வளையாமல் இறுகிப்போகும். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது என்பதும் உண்மை. அதனால்தான் பற்பசையில் சேர்க்கிறார்கள். அளவுதான் இங்கே எல்லாமே.

யுரேனியம் என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வந்து பயப்படுவோம். குடிநீரில் அதன் கதிர்வீச்சைவிட அது ஒரு கன உலோகம் என்பதுதான் கவலை, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கிரானைட் பாறையில் இயற்கையாகவே இருக்கிறது, கிழக்குக் கர்நாடகத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அதாவது 0.03 மில்லிகிராம்.

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகளில் முலாம் பூசப் பயன்படும் ஆறு இணைதிற குரோமியம் தண்ணீரில் எளிதாகக் கரையும், நிலத்தடியில் தூரம் போகும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரை உலோகப் பரிசோதனை செய்யாமல் குடிக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஈயம் மற்றவை போல நிலத்திலிருந்து வருவது அபூர்வம். வீட்டுக்குள் இருக்கும் குழாய், பித்தளைத் திருகு, பற்றவைப்பு இவற்றிலிருந்து கசிகிறது. பி.வி.சி. குழாய்களில் ஈயக் கலவையை நிலைநிறுத்தியாகச் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த இந்தியாவில் 2021இல்தான் விதிகள் வந்தன; அதற்கு முன் போட்ட குழாய்கள் நம் சுவருக்குள் இருக்கின்றன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் தண்ணீரின் மூலத்தை மாற்றியபோது, புதுத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்து ஈயத்தை வீடுகளுக்குள் கொண்டு வந்தது. செலவில்லாத தற்காப்பு இரண்டு உண்டு. இரவு முழுதும் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் பாத்திரம் கழுவ எடுத்துவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். சமையலுக்கு கீசர் தண்ணீரை எடுக்காதீர்கள்; சுடுநீர் உலோகத்தை அதிகம் கரைக்கும்.

கடினத்தன்மையும் இரும்பும் தொல்லைகள்தான், நஞ்சு இல்லை. உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஆய்வுகள் அதை நிரூபிக்கவில்லை. வேண்டிய அளவு தண்ணீர் குடிக்காததுதான் கல்லுக்கு முக்கியக் காரணம்.

எது எதை நீக்கும்?

கடையில் ஒரே பெட்டிக்குள் ஆர்.ஓ., யு.வி., யு.எஃப்., கார்பன் என்று எல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

யு.வி. என்பது புற ஊதா விளக்கு. கிருமியைச் செயலிழக்கச் செய்யும், ரசாயனத்தைத் தொடாது. யு.எஃப். நுண்துளைச் சவ்வு, கிருமியையும் கலங்கலையும் வடிகட்டும். கரைந்த உப்பு அந்தத் துளை வழியாகத் தாராளமாகப் போய்விடும். ஆக்டிவேட்டட் கார்பன், தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து பெரும்பாலும் செய்யப்படுவது. ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும். குளோரின் வாடை, பூச்சிக்கொல்லி, பெட்ரோல் போன்ற கரிமப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் தண்ணீரிலுள்ள மக்குப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் துணைப் பொருள்களையும் அது குறைக்கும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் சாதாரணக் கார்பனில் நிற்காது. மேலும் ஒட்டும் இடம் நிறைந்துவிட்டால் அது வெறும் கரி; காலம் கடந்த கார்ட்ரிட்ஜில் கிருமியும் வளரும்.

ஆர்.ஓ. என்பது அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மிக நெருக்கமான சவ்வு வழியாகத் தள்ளுவது. தண்ணீர் மூலக்கூறு போகும், கரைந்த உப்பின் பெரும்பகுதி பின்தங்கும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஈயம், குரோமியம், யுரேனியம் எல்லாவற்றையும் வீட்டில் ஒரே கருவியில் பெருமளவு குறைக்க இன்று எளிதில் கிடைப்பது இதுதான். விலையாக, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. அந்தக் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள், சமையலுக்கு வேண்டாம். தண்ணீருக்கு இவ்வளவு அல்லாடும் நகரத்தில் தேவையில்லாமல் ஆர்.ஓ. மாட்டுவது எனக்கு உறுத்துகிறது. காவேரித் தண்ணீரின் டி.டி.எஸ். பொதுவாக 500க்கு வெகு கீழே. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட்டது. சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) போர் தண்ணீரோ டேங்கரோ கலக்காத, காவேரி மட்டும் வரும் வீட்டுக்கு கார்பனும் யு.வி.யும் போதும்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஓர் இடைஞ்சல் இருக்கிறது. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று புகார் சொன்னால், சர்வீஸ் ஆள் பின்பக்கம் உள்ள ஒரு சின்ன வால்வைத் திருகி, மீட்டரில் 40 இருந்ததை 120 ஆக்கிக் கொடுப்பார். டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பது அதன் பெயர். "மினரல் கூட்டியிருக்கேன்" என்பார். பல மாடல்களில் அந்த வால்வு செய்வது, சவ்வு வழியே போகாத பழைய தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலப்பது. எந்த நைட்ரேட்டை, எந்த ஃபுளோரைடை நீக்கப் பணம் கொடுத்தோமோ அதில் ஒரு பங்கு திரும்ப உள்ளே வருகிறது. போர் தண்ணீர் வீட்டில் இந்த வால்வை மூடி வைக்கச் சொல்லுங்கள். ருசிக்குத் தனியாகக் கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் கிடைக்கிறது.

மாடியில் வைக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடும். தலைமுடிக்கும் குழாய்க்கும் நல்லது. நைட்ரேட், ஃபுளோரைடு அப்படியே இருக்கும். "பில்டிங்கில் பிளான்ட் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது சாஃப்ட்னரா ஆர்.ஓ.வா என்று கேளுங்கள். கிராமங்களில் ஃபுளோரைடுக்கு மட்டும் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியும், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் இருக்கின்றன. சரியாகப் பராமரித்தால் நன்றாக வேலை செய்யும்.

ஆர்.ஓ. வாங்க வசதி இல்லையென்றால்? குடிக்கவும் சோறு, பருப்பு வேகவைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தால் பெரும்பாலான ஆபத்து விலகும். குளிப்பதாலும் துணி துவைப்பதாலும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் உடம்புக்குள் போவதில்லை. தெருமுனையில் காசு போட்டால் 20 லிட்டர் தரும் ஆர்.ஓ. நிலையங்கள் இதற்காகவே இருக்கின்றன. சவ்வு கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அங்கே விசாரியுங்கள். கேனை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் அந்தத் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது.

மழைநீரையும் மறந்துவிட வேண்டாம். நைட்ரேட்டோ ஃபுளோரைடோ அதில் மிக மிகக் குறைவு. 2009 முதல் பெங்களூருவில் 30-க்கு-40 அடி சைட்டிலோ அதைவிடப் பெரியதிலோ புது வீடு கட்டினால் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 1,200 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர் வரும். சேதாரம் போக 80,000 தேறும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டி, மூடிய தொட்டியில் சேர்த்தால் போர் தண்ணீரோடு கலக்கும்போதே நஞ்சின் செறிவு இறங்கும். இந்தத் தண்ணீருக்குக் கொதிக்க வைப்பது பொருத்தமான வழி, ஏனெனில் கூரை நீரில் கிருமிதான் கவலை.

எதையும் வாங்குவதற்கு முன் பரிசோதனை. என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள். முதலில் பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, கோலிஃபார்ம் கிருமி. போர் தண்ணீர் என்றால் ஒருமுறையாவது யுரேனியம், ஈயம், ஆர்செனிக், குரோமியம். மோட்டார் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஈயத்துக்கு மட்டும் காலையில் வரும் முதல் தண்ணீர். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் நைட்ரேட் வரியில் ஒன்றைப் பாருங்கள்: சில ஆய்வகங்கள் நைட்ரேட் என்றும், சில அதிலுள்ள நைட்ரஜன் மட்டும் என்றும் கணக்கிடும். நைட்ரஜனாக 10 என்றிருந்தால் நைட்ரேட்டாக அது 44. "12தானே, 45க்குக் கீழேதானே" என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. நைட்ரஜனாக 12 என்றால் வரம்பைத் தாண்டிவிட்டது.

ஒரு கட்டடத்தில் பத்து வீடு ஒரே போரை நம்பியிருந்தால் பத்துப் பேரும் பங்கு போட்டு ஒரு பரிசோதனை செய்தால் போதும். ரிப்போர்ட்டை மாடிப்படிக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடையில் மட்டம் இறங்கும்போது ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். புதிதாக ஆழப்படுத்தினாலும் டேங்கர் மாறினாலும் பழைய ரிப்போர்ட் செல்லாது.